இரண்டு ஸ்டாப்புக்கு மேல் உட்காராதீர்கள்

"நீங்க அந்தக் கார் நிறுத்தத்துக்குள்ளேருந்தா வர்றீங்க?"

கேள்வி காதில் விழுந்தபோது ஓட்மார் நவராட்டில் நிலத்தடிப் படிக்கட்டின் கடைசிப் படியில் இருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் நடைபாதையில். கார்ச் சாவி கையில்.

ஒன்பதரைக்கு ஆப்பரா வாசலில் சந்திப்பதாகத்தான் ஏற்பாடு. மணி ஒன்பதே கால்கூட ஆகவில்லை. கோபன்ஹேகன்காரர்கள் சொன்ன நேரத்துக்கும் முன்னால் வந்து நிற்பார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. எதிரே இங்கெலீஸ் அம்மையார். தட்டையான காலணி, முதுகில் பை, கையில் திறந்த நோட்டு.

"ஆமா," என்றார் நவராட்டில், சாவியைப் பைக்குள் நழுவவிட்டபடி. "ஆய்வு. மாசத்துக்கு ஒரு தடவை உள்ள இறங்கிப் பாத்துடுவேன். எதிரி எத்தனை பேர்னு எண்ண வேண்டாமா?"

"எத்தனை பேர்?"

"இருநூத்தி... பதினொண்ணு."

அம்மையார் எழுதிக்கொண்டார்.

அவர் ஏழு நாட்டு நடுவர் குழுவின் தலைவி. கார் இல்லாமல் சுற்றிப் பார்ப்பதற்கு ஏற்ற தலைநகரம் எது என்று வருடா வருடம் தேர்ந்தெடுத்து ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுக்கிற குழு. நவராட்டில் நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் மூத்த அலுவலர். "காரில்லாமல் வியன்னா: பார்வையாளருக்கு நாற்பது யோசனைகள்" என்ற கையேட்டை எழுதியவர். கையேடு ஒன்பது மொழிகளில் ஓடுகிறது. அதன் முன்னுரையில் ஒரு வரி உண்டு: "இருபத்திரண்டு ஆண்டுகளாக என் சட்டைப்பையில் இருக்கும் ஒரே சொத்து, தேய்ந்துபோன என் டிராம் ஆண்டுப் பாஸ்தான்." இந்த வரி உட்பட முழுக் கையேட்டையும் அவர் காரில் உட்கார்ந்துதான் எழுதினார். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் போனில் சொல்வார். அலுவலகத்தில் செயலாளர் தட்டச்சு செய்வார். நாற்பது யோசனைக்கு நாற்பது சிக்னல்.

"கையேட்டைப் படிச்சேன். யோசனையெல்லாம் நல்லா இருக்கு," என்றார் அம்மையார். "ஆனா யோசனை எல்லா ஊர்லயும்தான் எழுதறாங்க. எழுதினவர் அப்படி வாழறாரான்னு பாக்கத்தான் நான் வந்திருக்கேன். போன வருஷம் ஒரு ஊரைக் கடைசி நாள்ல கழிச்சுட்டோம்."

"ஏன்?"

"அவங்க ஆள் டாக்சியில வந்தார். ஒரே ஒரு டாக்சி."

நவராட்டில் வருத்தத்தோடு தலையாட்டினார். கோப்பை நகராட்சிக்கு; ஆனால் கோப்பை வந்தால் அவருக்கு ஹோஃப்ராட் பட்டம் என்று மேலிடத்தில் வாய்விட்டே சொல்லியிருந்தார்கள். ஹோஃப்ராட் என்றால் அரசவை ஆலோசகர். அரசவை போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆலோசகர்கள் மட்டும் எங்கள் ஊரில் தொடர்ந்து முளைக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்குத் தனி வேலை கிடையாது, தனி அறை கிடையாது. ஆனால் அது இருப்பவனுக்கு இறைச்சிக்கடைக்காரன் கொழுப்பில்லாத துண்டை எடுத்து வைப்பான். மனைவியை ரொட்டிக்கடையில் "ஹோஃப்ராட் அம்மா" என்பார்கள். நவராட்டிலின் மனைவி ஹெர்மீனே வாசல் கதவுக்குப் பித்தளைப் பலகைகூடச் சொல்லிவிட்டாள்.

"உங்களை ஓட்மார்னே கூப்பிடலாமா? எங்க ஊர்ல பட்டமெல்லாம் கிடையாது," என்றார் அம்மையார்.

"தாராளமா," என்றார் நவராட்டில், பல்லைப் பிடுங்கக் கொடுப்பவனைப்போல.

அவருடைய திட்டம் சின்னது. ஒன்பதே காலுக்கு மேலே வருவது, பத்தடி தள்ளியிருக்கிற இயந்திரத்தில் ஒரு நாள் டிக்கெட் எடுப்பது, ஒன்பதரைக்கு ஆப்பரா வாசலில் சிரித்துக்கொண்டே நிற்பது. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் அம்மையார் தின்றுவிட்டார். இருபத்திரண்டு வருட ஆண்டுப் பாஸ்காரர், நடுவர் தலைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தின் முன் நின்று பொத்தானைத் தேடுவது எப்படி?

'டி' தடத்து டிராம் வந்தது.

"ஏறலாமா?" என்றார் அம்மையார். அவருக்கு நகராட்சி விருந்தினர் அட்டை கொடுத்திருந்தது.

எங்கள் டிராமில் கதவருகே யாரும் டிக்கெட் கேட்பதில்லை. நம்பிக்கைதான். நம்பிக்கையைச் சோதிக்க அவ்வப்போது சாதாரண உடையில் சில பேர் ஏறுவார்கள். கதவு மூடியதும் அட்டையைக் காட்டி "டிக்கெட்" என்பார்கள். கறுப்புத்தொப்பிகள் என்று அவர்களுக்குப் பெயர். தொப்பி போட்டு எத்தனையோ காலமாகிறது. பெயர் மட்டும் தலையில் நிற்கிறது. இரண்டே ஸ்டாப், என்ன ஆகிவிடப்போகிறது என்று நவராட்டில் ஏறினார்.

ஏறிய பிறகுதான் அவனைப் பார்த்தார். பின் கதவருகே ஒரு குட்டை மனிதன். சாம்பல் நிற மழைக்கோட்டு. தோளில் குறுக்கே ஒரு பை. நடந்து நடந்து பழகிய காலணி. கையில் பிரித்த செய்தித்தாள், ஆனால் கண் தாளில் இல்லை. தாளின் மேல் விளிம்புக்கு மேலே, நேராக நவராட்டிலின் முகத்தில் இருந்தது.

கறுப்புத்தொப்பியைக் காலணியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று அலுவலக ஓட்டுநர் ஒருமுறை சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. டிராம் வளைந்தது. அந்த மனிதன் தாளை மடித்தான்.

"இறங்குவோம்!" என்றார் நவராட்டில்.

"இப்பத்தானே ஏறினோம்?"

"அதான் விஷயமே! இறங்குங்க, இறங்குங்க."

அரண்மனைத் தோட்டத்தின் எதிரே இருவரும் நடைபாதையில் நின்றார்கள். அம்மையாரின் ஒரு புருவம் மேலே போயிருந்தது. நவராட்டில் மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கும்போதே சொற்களும் வந்தன. முப்பது வருட அரசு வேலை சும்மா போகுமா?

"டிராம்ல ரெண்டு ஸ்டாப்புக்கு மேல உட்காரவே கூடாது. உட்கார்ந்துட்டா ஊர் வெறும் ஜன்னலாயிடும். இறங்கணும், மூச்சு விடணும், மறுபடி ஏறணும்."

"அடடா!" அம்மையாரின் பேனா ஓடியது. "இது கையேட்டுல இல்லியே?"

"அடுத்த பதிப்புல வருது."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி அந்தச் சாம்பல் கோட்டு நின்றிருந்தது. கால அட்டவணையை மூக்கு இடிக்கும் தூரத்தில் படித்துக்கொண்டிருந்தான். கதவு மூடும்போது குதித்திருக்க வேண்டும். பையின் வார் முறுக்கிக்கொண்டிருந்தது.

அடுத்ததாக எழுபத்தொன்றாம் எண் டிராம் வந்தது. நவராட்டில் அதில் ஏறப்போவதுபோல நகர்ந்தார், நின்றார், ஏறவில்லை. சாம்பல் கோட்டும் நகர்ந்தான், நின்றான், ஏறவில்லை. கடைசி நொடியில் நவராட்டில் அம்மையாரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன் கதவில் பாய்ந்தார். பின் கதவில் அவன் பாய்ந்தான்.

"நீங்க ரொம்பச் சுறுசுறுப்பு, ஓட்மார்."

"காரை விட்டா உடம்பு தானா இப்படி ஆயிடும்," என்றார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

நாடாளுமன்றத்தின் முன் மறுபடி குதித்தார்கள். மறுபடி அவனும்.

"அவர் நம்மளோடயே வர்றார் போலிருக்கே?" என்றார் அம்மையார்.

"யாரு? ஓ, அவரா. எங்க ஊர்ல நெறைய பேர் இப்படித்தான் சுத்துவாங்க. கையேடு படிச்சிருப்பார்."

இனி டிக்கெட் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது என்று நவராட்டில் முடிவு செய்தார். பக்கத்திலிருந்த கோபுரம் வைத்த நகராட்சிக் கட்டடம்தான் அவருடைய அலுவலகம்; அதன் பின்னால் ஒரு புகையிலைக் கடை இருந்தது. எங்கள் ஊரில் புகையிலைக் கடையில் சிகரெட்டும் கிடைக்கும், செய்தித்தாளும் கிடைக்கும், டிராம் டிக்கெட்டும் கிடைக்கும்.

"ஒரு நிமிஷம். இருமல் மிட்டாய் வாங்கிட்டு வந்துடறேன். இங்கயே நில்லுங்க, இந்தக் கோபுரத்தைப் பாருங்க. யோசனை இருபத்தாறு: கோபுரத்தைத் தனியாப் பாக்கணும்."

கடைக்குள் நுழைந்தார். கடைக்காரி வெஸ்ஸலி அம்மாள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து முகம் மலர எழுந்தாள். பட்டத்தை ஒரு படி உயர்த்திச் சொன்னால் வாடிக்கையாளர் சில்லறையைத் திருப்பிக் கேட்பதில்லை என்பது அவளுடைய நாற்பது வருட அனுபவம்.

"வாங்க ஹோஃப்ராட் ஐயா! இன்னிக்கு என்ன நடந்து வர்றீங்க?"

"மெதுவா, மெதுவா. ஒரு நாள் டிக்கெட் குடுங்க. டிராமுக்கு."

"டிராமுக்கா!" அவள் சிரித்தாள். "விளையாடாதீங்க ஐயா. வழக்கமானது இதோ, எடுத்து வெச்சிருக்கேன்." கல்லாவின் மேல் ஒரு கட்டுச் சீட்டை வைத்தாள். தெருவோரம் கார் நிறுத்துவதற்கான சீட்டுகள். "ஒரு மணி நேரத்துது பத்து, ரெண்டு மணி நேரத்துது பத்து. நம்ம நீலக் காருக்கு நேத்துகூட அந்தப் பொண்ணு அபராதம் எழுதப் பாத்தா. நான்தான் ஓடிப்போய், 'அடியே, அது ஹோஃப்ராட் ஐயாவோட வண்டிடீ'ன்னு சொன்னேன்."

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க! டிராம் டிக்கெட், அம்மா. நிஜமாத்தான். அதையும் அது கூடவே வெச்சுக் குடுங்க."

அவள் நம்பாமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கட்டுக்குள் செருகினாள். அவர் கையை நீட்டி வாங்கினார். கதவின் மணி ஒலித்தது.

"கோபுரத்தைப் பாத்துட்டேன்," என்றார் இங்கெலீஸ் அம்மையார். அவருடைய பார்வை நவராட்டிலின் கையில் இருந்த கட்டில் நின்றது. மேல் சீட்டில் கொட்டை எழுத்தில், நிறுத்தும் நேரம் குறிக்கக் கட்டங்களோடு, அது என்ன என்பது டென்மார்க்கிலிருந்து பார்த்தாலே தெரியும். "இது கார் நிறுத்தற சீட்டு இல்லியா?"

"ஆமா," என்றார் நவராட்டில். நெற்றி வியர்த்தது. வியர்வையோடு யோசனை நாற்பத்தொன்றும் பிறந்தது. "வாரா வாரம் வாங்கறேன். என் சொந்தக் காசுல."

"எதுக்கு?"

"அழிக்கறதுக்கு."

அம்மையாருக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு சீட்டும் இந்த ஊர்ல ஒரு கார் நிக்கற இடம். நான் ஒண்ணு வாங்கி அழிச்சா, ஒரு கார் நிக்க முடியாது. அவ்வளவுதான். வெளிய சொல்லிக்கறதில்ல. விளம்பரம் எனக்குப் பிடிக்காது."

வெஸ்ஸலி அம்மாள் வாயைத் திறந்தாள். நவராட்டில் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. அவள் வாயை மூடினாள்.

இங்கெலீஸ் அம்மையாரின் கண்கள் கலங்கின. "ஓட்மார், பதினோரு வருஷமா நடுவரா இருக்கேன். இப்படி ஒருத்தரை நான் பாத்ததில்ல. நானும் இதுல சேந்துக்கலாமா?"

"எதுல?"

"அழிக்கறதுல."

அவர் பதில் சொல்வதற்குள் கட்டு அம்மையாரின் கைக்குப் போய்விட்டது. படகோட்டிப் பழகிய கைகள். ஒரே முறுக்கு. பாதி, பாதியில் பாதி, இன்னும் ஒரு பாதி. கடை வாசலில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் அது பனிபோல விழுந்தது. நடுவில் டிராம் டிக்கெட்டின் ஒரு சிவப்பு மூலை தெரிந்து மறைந்தது.

"ஹோஃப்ராட் ஐயா," என்றாள் வெஸ்ஸலி அம்மாள், மெதுவாக, "இருமல் மிட்டாய்?"

"குடுங்க," என்றார் அவர்.

வெளியே சாம்பல் கோட்டு நின்றிருந்தது, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி.

"இனிமே நடப்போம்," என்று அறிவித்தார் நவராட்டில். நடப்பதற்கு டிக்கெட் கேட்கும் அளவுக்கு நகராட்சி இன்னும் முன்னேறவில்லை. "உண்மையான பயணி நடந்துதான் பாப்பான்."

அம்மையாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நடக்க ஆரம்பித்தார். அந்த நடை கடற்கரை ஊர்க்காரியின் நடை. எதிர்க்காற்று இல்லாததால் இன்னும் வேகம். நவராட்டிலின் காலணிகள் இத்தாலியில் தைத்தவை. பெடலை மிதிப்பதற்கு மேல் எந்த வேலையும் பார்த்தறியாதவை. பல்கலைக்கழகம் தாண்டும்போது வலது குதிகால் பேச ஆரம்பித்தது. பெரிய தேவாலயத்துக்கு வரும்போது அது கத்தியது. இருபதடி பின்னால் சாம்பல் கோட்டு வந்துகொண்டிருந்தான். இவர்கள் எதைப் பார்த்தால் அதைப் பார்த்தான். இவர்கள் நின்றால் நின்றான்.

'நடக்கறவனையுமா துரத்துவாங்க?' என்று நவராட்டில் யோசித்தார். 'பட்டம் வரப்போறவன்னு தெரிஞ்சே அனுப்பியிருக்காங்க. அலுவலகத்துல எவனோ போட்டுக் குடுத்திருக்கான். அந்தப் பக்கத்து மேசை ருப்ரெக்டாத்தான் இருக்கும்.'

தேவாலயத்தின் நிழலில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. நவராட்டிலுக்கு உயிர் வந்தது.

"ஏறுங்க! கார் இல்ல பாருங்க. இதுவும் நம்ம யோசனைதான்."

அம்மையார் ஒரு குதிரையின் மூக்கைத் தடவினார். "இதுக்கு வயசு என்ன?" என்று வண்டிக்காரனைக் கேட்டார்.

"பதினாறும்மா."

"இந்த வயசுல இதை ரெண்டு பேரைச் சுமக்க வைக்கறீங்களா?" அம்மையார் திரும்பினார். "ஓட்மார், நீங்க எனக்குச் சோதனை வைக்கறீங்க. நான் ஏறுவேனான்னு பாக்கறீங்க. சரியா?"

"சரியாப் பிடிச்சுட்டீங்க," என்றார் நவராட்டில், அழாத குறையாக.

"ஏன் சார், ஏறுறீங்களா இல்லியா?" என்றான் வண்டிக்காரன். "சோதனை வைக்கணும்னா பள்ளிக்கூடத்துல வைங்க. என் குதிரை எதுக்கு?"

அந்தச் சமயத்தில் பையில் போன் அதிர்ந்தது. ஹெர்மீனே. நவராட்டில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"ஓட்மார், பலகைக்காரன் கேக்கறான். ஹோஃப்ராட்ங்கற எழுத்து தங்க நிறமா, கறுப்பா?"

"ஹெர்மீனே, நல்ல வேளை. போன்ல டிக்கெட் எப்படி வாங்கறது?"

"என்ன டிக்கெட்? ஆப்பராவா?"

"டிராம்."

மறுமுனையில் மூச்சு நின்றது. "ஓட்மார். காரை எங்க மோதின?"

"மோதல."

"பொய் சொல்லாத. அடி எதுவும் இல்லியே? யாருக்காவது பட்டுடுச்சா?"

"மோதலம்மா! எனக்கு டிராம்ல போகணும், அவ்வளவுதான்."

"உனக்கா?" அவள் குரல் தாழ்ந்தது. "டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"ஹெர்மீனே, அந்த டிக்கெட் செயலியோட பாஸ்வேர்டு என்ன?"

"நம்ம கல்யாண நாள்."

நவராட்டில் கல்யாண நாளைப் போட்டார். தவறு என்றது. இன்னொரு கல்யாண நாளைப் போட்டார். அதுவும் தவறு. மூன்றாவதாக ஹெர்மீனேயின் பிறந்தநாள் என்று அவர் நம்பிய தேதியைப் போட்டார். கணக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டது.

"என்ன ஆச்சு?" என்றாள் ஹெர்மீனே.

"ஒண்ணும் இல்ல. தங்க நிறம்னு சொல்லிடு."

குதிகால் இனி ஒரு தெருவுக்குக்கூட ஒத்துக்கொள்ளாது. நொண்டிக்கொண்டே பெரிய நீரூற்றுச் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று தடங்கள் அங்கே சந்திக்கின்றன. சாம்பல் கோட்டு ஒரு பூக்கடையின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். நிறுத்தத்தில் ஒரு டிராம் புறப்படத் தயாராக நின்றது. கதவு மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. எண் பார்க்க நேரமில்லை.

"இதுல! ஓடுங்க!"

நவராட்டில் ஒற்றைக் காலில் ஓடினார். அம்மையார் சிரித்துக்கொண்டே அவரைப் படியில் தூக்கிவிட்டார். கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியது. நவராட்டில் ஜன்னல் வழியாகப் பூக்கடையைப் பார்த்தார். யாரும் இல்லை. தொலைந்தான்! வெற்றிப் புன்னகையோடு திரும்பினார்.

பெட்டியின் கடைசி இருக்கையில் செய்தித்தாள் விரிந்திருந்தது.

அதோடு போகவில்லை. வண்டிக்குள் சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மடியில் பூங்கொத்து. மற்றவர்கள் கையில் சின்னத் தண்ணீர்க் குவளை. எழுபத்தொன்று. இந்தத் திசையில் பெரிய கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வண்டி. எங்கள் ஊரில் "அவர் எழுபத்தொன்றில் ஏறிவிட்டார்" என்று சொன்னால் உடனே தொப்பியைக் கழற்றுவார்கள். மனிதர்கள் பொதுவாக அதில் வேறு யாருக்காவதுதான் ஏறுகிறார்கள்.

"கல்லறைத் தோட்டமா!" அம்மையார் வியந்தார். "யாரும் வெளியாளுக்குக் காட்ட நினைக்காத இடம். நீங்க அதைத்தான் கடைசியா வெச்சிருக்கீங்க."

"கடைசியாத்தானே வைக்கணும்," என்றார் நவராட்டில்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கலாம் என்று எழுந்தார். குதிகால் உட்கார வைத்தது. அதற்கடுத்ததில் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அவர் எழும்போதெல்லாம் கடைசி இருக்கையில் செய்தித்தாள் மடிந்தது, உட்காரும்போதெல்லாம் விரிந்தது. வீடுகள் குறைந்தன. மதில் ஆரம்பித்தது. மதில் முடிவதாகத் தெரியவில்லை.

"ரெண்டு ஸ்டாப்புக்கு மேல ஆயிடுச்சே, ஓட்மார்?" என்று அம்மையார் குறும்பாகக் கேட்டார்.

"கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு."

பெரிய வாசலில் பூங்கொத்துகள் எல்லாம் இறங்கின. குவளைகளும் இறங்கின. நவராட்டில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து எழுந்தார். பாதி எழுந்தபோது கதவு மூடிவிட்டது. பெட்டியில் மூன்று பேர்.

அம்மையார் நோட்டை மடியில் வைத்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வழக்கமா நான் ஊருக்குப் போய், பத்து நாள் யோசிச்சு, அப்புறம்தான் குழுவுக்கு எழுதுவேன். இந்தத் தடவை யோசிக்க ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஓட்டலுக்குப் போனதும் கையெழுத்து போட்டுடறேன். வியன்னாதான். வியன்னாகூட இல்ல, நீங்கதான்."

நவராட்டிலின் கண் முன்னால் பித்தளைப் பலகை ஒரு முறை மின்னியது. தங்க எழுத்து. இன்னும் சில மணி நேரம். ஒரே ஒரு சாயங்காலம்.

கடைசி இருக்கையில் செய்தித்தாள் மடிந்தது. மனிதன் எழுந்தான். ஆடும் வண்டியில் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். ஒரு வரிசை. இன்னொரு வரிசை. அவருடைய இருக்கைக்கு முன்னால் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். இடது கை கம்பியில் இருந்தது. வலது கை தோள் பைக்குள் போனது.

"வேண்டாம்!" என்று அலறினார் நவராட்டில். "அட்டையை எடுக்காதீங்க! இவங்க முன்னால எடுக்காதீங்க! நானே சொல்லிடறேன்!"

கை பைக்குள்ளேயே நின்றது.

"எங்கிட்ட டிக்கெட் இல்ல. பாஸும் இல்ல. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட இருந்ததில்ல. கார் ஆப்பராவுக்கு அடியில நிக்குது, ரெண்டாவது தளம், தூணுக்குப் பக்கத்துல, நீலம். அந்த இருநூத்திப் பதினொண்ணை நான் எண்ணவே இல்ல. என்னுதை மட்டும்தான் பாத்தேன். சீட்டு வாங்கினது கிழிக்கறதுக்கு இல்ல, கார் கண்ணாடியில வைக்கறதுக்கு. ரெண்டு ஸ்டாப் யோசனை உங்களைப் பாத்துப் பயந்து வந்தது. நடந்தது உங்களைப் பாத்துப் பயந்து. காலையிலேருந்து நான் பண்ணினதெல்லாமே உங்களைப் பாத்துப் பயந்து பண்ணினதுதான். போதுமா? பேர் எழுதிக்கணுமா? எழுதிக்கோங்க. நவராட்டில். ஹோஃப்ராட்... இல்ல. வெறும் நவராட்டில்."

டிராம் ஒரு வளைவில் முனகியது.

இங்கெலீஸ் அம்மையார் நோட்டைத் திறந்தார். பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராக ஒரு கோடு இழுத்தார். அடுத்த பக்கத்திலும் இழுத்தார். பேனாவை மூடினார். இறங்குவதற்கான பொத்தானை அழுத்தினார்.

குட்டை மனிதனின் கை பையிலிருந்து மெல்ல வெளியே வந்தது. அதில் காகிதத்தில் சுற்றிய ஒரு இறைச்சி ரொட்டி இருந்தது. அதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை நவராட்டிலிடம் நீட்டினான்.

"அடப் பாவமே, உங்ககிட்டயும் இல்லியா? நான் கிராஸ் ஊர்க்காரன், வியன்னா பாக்க வந்தவன் ஐயா. செக்கிங் ஆளுங்களை நீங்க மோப்பத்துலயே கண்டுபிடிச்சுடறீங்கன்னு நம்பித்தானே, காலையிலேருந்து நீங்க குதிச்ச இடத்துலல்லாம் நானும் குதிச்சேன்!"